பாய்மரம் பெயர்வதற்கு முன்பே சிக்கிக்கொள்வது சுருட்டுக்கயிறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழக-கேரள எல்லையை ஒட்டிய எங்கள் பகுதியில், ஆறு கடலைச் சேரும் பொழிமுகம் ஒன்றில், வாடகைக்கு எடுத்துச் சென்ற பாய் கட்டிய கயாக்கின் (ஒடுங்கிய துடுப்புப் படகின்) பாய்மரம் காற்றில் பெயர்ந்துபோனதையும், அதில் இருந்த இரண்டு இளைஞர்களை வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கரைசேர்த்ததையும் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சில வரிகளில் வெளியிட்டிருந்தீர்கள். அதையொட்டி வந்த வாசகர் கடிதங்கள் இரண்டையும் படித்தேன். பிளாஸ்டிக்கில் செய்த இந்த விளையாட்டுப் படகுகள் நம் காற்றுக்குத் தாங்காது, ஆகவே தடைசெய்ய வேண்டும் என்று ஒருவரும், உயிர்காப்புச் சட்டை கட்டாயமானால் போதும் என்று மற்றொருவரும் எழுதியிருந்தார்கள். இருவருடைய அக்கறையையும் மதிக்கிறேன். ஆனால் பாய்மரம் ஏன் பெயர்ந்தது என்ற கேள்வியை இருவருமே கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லவே இக்கடிதம். சற்று நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் கொல்லங்கோட்டில் வசிப்பவன். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவன். என் தந்தையார் கட்டுமரங்களுக்குப் பாய் தைத்தவர். அவுட்போர்டு எஞ்சின் வந்த பிறகு எங்கள் கரையில் பாய் விரிப்பவர்கள் குறைந்து, பிறகு இல்லாமலே போனார்கள். பாய் தைக்கும் ஊசியும் வீட்டுப் பரணில் ஏறிவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, கேரளப் பக்கத்து உல்லாச விடுதி ஒன்று தன் பழைய பாய்க் கயாக்குகளைக் கழித்துவிட்டபோது, அவற்றில் ஒன்றை என் மருமகனும் (சகோதரியின் மகன்) நானும் சேர்ந்து வாங்கினோம். அன்றுமுதல் அதன் பாய்மரத்தோடும் கயிற்றோடும் நான் பட்ட பாடுதான் இங்கே எழுதுவதற்கு எனக்குள்ள தகுதி.

இந்தப் படகைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சொல். ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய படகு. கவிழாமல் இருக்க இருபுறமும் கை நீட்டியதுபோல இரண்டு மிதவைகள். நடுவில் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் உயரத்தில் ஒற்றைப் பாய்மரம். அதில் ஐந்து சதுர மீட்டர் அளவுள்ள முக்கோணப் பாய். கட்டுமரத்திலும் வள்ளத்திலும் பாயை இறக்க வேண்டுமானால் பாயை ஏற்றி இறக்கும் கயிறான ஆஞ்சானைத் தளர்த்தி, பாய் கட்டிய குறுக்குக் கழியான பருமலைக் கீழே கொண்டுவருவார்கள். இதில் ஆஞ்சானும் இல்லை, பருமலும் இல்லை. பாய்மரமே தன் அச்சில் சுழலும். படுக்கும் பாயைச் சுருட்டுவதுபோலவே படகின் பாய் அதன்மேல் சுருண்டுகொள்ளும். சுழற்றுவதற்குப் பாய்மரத்தின் அடியில் நூல்கண்டு போன்ற ஓர் உருளை உண்டு. அதில் சுற்றியிருக்கும் கயிற்றை இழுத்தால் பாய் சுருளும். பாயின் கீழ்மூலையில் கட்டிய தாமான் என்ற கயிற்றை இழுத்தால் பாய் விரியும், விரியும்போது கயிறு திரும்ப உருளையில் சுற்றிக்கொள்ளும். இந்தக் கயிற்றைச் சுருட்டுக்கயிறு என்று சொல்லிக்கொள்கிறேன். ஆள் எழுந்து நிற்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே பாயைக் குறைக்கலாம் என்பது இதன் பெரும் வசதி. இந்த ஒரு கயிறு வேலைசெய்யாவிட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்து பாயைக் குறைக்க வேறு வழியே இல்லை என்பது இதன் பெரும் ஆபத்து.

பாய்மரம் எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. இதைப் பிடித்து நிறுத்த நான்கு பக்கமும் கட்டிய கயிறுகள் கிடையாது. படகின் மேல்தளத்தில் ஒரு கழுத்து வளையமும், அதற்கு நாற்பது சென்டிமீட்டர் கீழே ஒரு குழியும் மட்டுமே அதன் பிடிமானம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகக் காற்றில் இந்த அளவுப் பாயின்மேல் விழும் விசை ஆறு கிலோ எடைக்குச் சற்று மேல். காற்று இருமடங்காகி 30 கிலோமீட்டரானால் விசை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஏறத்தாழ 25 கிலோ. அந்த விசை தளத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் நின்று தள்ளுவதாகக் கொண்டால், நெம்புகோல் கணக்குப்படி அடிக்குழியில் 125 கிலோவும் கழுத்து வளையத்தில் 150 கிலோவும் பக்கவாட்டில் அழுத்தும். சாதாரணப் படகு காற்றுக்குச் சாய்ந்து கொடுக்கும். சாயும்போது பாயிலிருந்து காற்று வழிந்துவிடும். இந்தப் படகில் பக்க மிதவைகள் சாயவிடாது. சாயாத படகில் காற்றின் சுமை முழுவதும் பாய்மரத்தின்மேலேயே நிற்கும். படகு நிமிர்ந்து நிற்கிறதே என்ற தைரியத்தில் இளைஞர்கள் முழுப்பாயோடு போவதும், குழி விரிசல் விடுவதும் இதனால்தான்.

அதே கணக்கில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. முக்கோணப் பாயைப் பாய்மரத்தின்மேல் சுருட்டும்போது அகலம் மட்டும் குறைவதில்லை. மேல்முனை ஒடுக்கமானதால் அது முழுவதுமாகச் சுருண்டுவிட, மீதமுள்ள பாய் உயரத்திலும் குறைந்த ஒரு சிறிய முக்கோணமாக நிற்கும். அடிப்பக்கம் இரண்டு மீட்டர் உள்ள பாயில் மூன்றில் ஒரு பங்கைச் சுருட்டினால் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். காற்று தள்ளும் இடமும் இறங்கிவிடும். 125 கிலோவாக இருந்த அடிக்குழிச் சுமை 40 கிலோ அளவுக்கு வந்துவிடும். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பாய்மரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது நான்கே சுற்று. நான்கு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கயிறு ஒழுங்காக ஓடினால் ஐந்து விநாடி. அந்த ஐந்து விநாடி வேலை நடக்காமல்போன படகுகளில்தான் பாய்மரம் பெயர்கிறது. முறிந்த மரத்தைப் பார்க்கிற நாம், அதற்கு முன்பே உருளையில் சிக்கிக்கொண்ட கயிற்றைப் பார்ப்பதில்லை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மாசி மாதப் பிற்பகல் ஒன்றில், குழித்துறையாறு கடலைச் சேரும் தேங்காய்ப்பட்டணம் பொழிக்கு உட்புறமாக மருமகனும் நானும் படகை விட்டோம். பொழியைத் தாண்டிக் கடலுக்குப் போகும் எண்ணம் எங்களுக்கு இல்லை. காலையில் கரைக்காற்று ஓய்ந்து, மூன்று மணிக்கு மேல் மேற்கிலிருந்து கச்சான் காற்று ஏறியது. இரையுமன்துறைப் பக்கத்துத் தென்னைகளின் ஓலை ஒருபக்கமாகத் திரும்பி நின்றதைப் பார்த்ததும், பாதிப் பாயைச் சுருட்டு என்று மருமகனிடம் சொன்னேன். அவன் இழுத்தான். கயிறு இரண்டு சாண் வந்து நின்றுவிட்டது. இன்னும் பலமாக இழுத்தான். உருளையில் ஒரு சுற்று இன்னொரு சுற்றின் அடியில் புகுந்து, இழுக்க இழுக்க இறுகிக்கொண்டது. அந்த நேரத்தில் நான் செய்த தவறு, தாமானை விட்டுவிடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது. பாய் நிறைந்தே நின்றது. அடியில் 'கிறீச்' என்று ஓர் ஓசை கேட்டது. பிறகுதான் தாமானை விட்டுப் படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பினேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருக்க, மருமகன் தவழ்ந்து முன்னால் போய்ப் பாய்மரத்தை இரு கைகளாலும் பிடித்துச் சுழற்றிப் பாயைச் சுருட்டினான். துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தோம். மணலில் கவிழ்த்துப் பார்த்தபோது அடிக்குழியின் ஓரத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல்.

கரையில் நின்றிருந்த முதியவர் ஒருவர், எங்கள் ஊர் வழக்கப்படி நாங்கள் பாட்டா என்று அழைக்கும் உறவினர், உருளையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மக்களே, கயித்தை அப்படியே விட்டுட்டு பாயை விரிச்சியளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பிடிச்சுப் பிடிச்சு விடணும்" என்றார். அதுதான் விஷயம். பாயை விரிக்கும்போது சுருட்டுக்கயிற்றை அறவே கைவிட்டுவிட்டால், காற்று பாயைப் படாரென்று இழுக்க, உருளை வேகமாகச் சுழன்று கயிற்றைத் தளர்வாகவும் தாறுமாறாகவும் சுற்றிக்கொள்ளும். தளர்ந்த சுற்றின்மேல் இறுகிய சுற்று ஏறும். பிறகு இழுக்கும்போது மேல்சுற்று கீழே புதைந்து பூட்டிக்கொள்ளும். கயிறு சிக்குவது சுருட்டும்போதுதான் தெரியவரும். ஆனால் சிக்கலை உண்டாக்கியது அதற்கு ஒரு மணி நேரம் முன்பு, பாயை விரித்தபோது. ஒரு கையில் தாமானை இழுத்து, மறுகையில் சுருட்டுக்கயிற்றை லேசான இறுக்கத்தோடு நழுவவிட்டால் சுற்றுகள் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகப் படியும். கிணற்றில் வாளியை இறக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் கயிற்றை விடும் பக்குவம்தான் இது.

அடுத்தது சுற்றுகளின் எண்ணிக்கை. பழைய படகு வாங்கியவர்களில் பெரும்பாலோர் முந்தையவர் விட்ட கயிற்றையே வைத்துக்கொள்கிறார்கள். அறுந்த நுனியை வெட்டி வெட்டி அது குட்டையாகியிருக்கும். இரண்டு மீட்டர் பாய் முழுவதும் சுருள ஏறத்தாழ பன்னிரண்டு சுற்று வேண்டும். சுருண்ட பாய் காற்றில் அவிழாமலிருக்கத் தாமானும் அதன்மேல் மூன்று சுற்று சுற்ற வேண்டும். அதற்குப் பிறகும் உருளையில் மூன்று சுற்று மீதமிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுமை முழுவதும் உருளையில் கட்டிய முடிச்சின்மேல் விழும். ஆக மொத்தம் பதினெட்டு. எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைக்கு இதுவே நாலரை மீட்டர் கயிறு. உருளையிலிருந்து கை வரைக்கும் சேர்த்தால் ஆறு மீட்டருக்குக் குறையக் கூடாது. எங்கள் படகில் நான்கரை மீட்டர்தான் இருந்தது. சிக்காமல் ஓடியிருந்தாலும் கடைசிப் பாகம் சுருண்டிருக்காது. கயிற்றின் கைப்பக்க நுனியில் எட்டு வடிவ முடிச்சு ஒன்று போட்டுவைப்பதும் அவசியம். பாய் முழுவதும் விரியும்போது நுனி துளைக்குள் ஓடி மறைந்துவிட்டால், தண்ணீரின்மேல் அதைத் திரும்பக் கோர்ப்பது எளிதான காரியம் அல்ல.

கயிற்றின் இனத்தையும் சொல்ல வேண்டும். மீன்பிடித் துறைமுகக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பச்சை, நீல நிற பாலிப்ரொப்பிலீன் கயிறு. அது தண்ணீரில் மிதக்கும் என்பதால் வலைக்கு நல்லது, உருளைக்கு ஆகாது. விறைப்பாக இருப்பதால் வளையங்களாகவே எழும்பி உருளையின் விளிம்பைத் தாண்டிப் பாய்மரத் தண்டில் சுற்றிக்கொள்ளும். வெயிலில் சீக்கிரம் நைந்து பொடியும். நைலான் மென்மையானது, ஆனால் நனைந்தால் வலு குறையும், சுமையில் நன்றாக நீளும். நான்கு சுற்று இழுத்தோம் என்று நினைத்தால் மூன்றுதான் சுருண்டிருக்கும். நான்கு அல்லது ஐந்து மில்லிமீட்டர் பருமனில், முறுக்கியதாக இல்லாமல் பின்னியதாக உள்ள பாலியெஸ்டர் கயிறே ஏற்றது. கைக்கு இதமாக இருக்கட்டுமென்று எட்டு மில்லிமீட்டர் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்துச் சுற்றிலேயே உருளை நிரம்பி வழிந்துவிடும்.

கயிறு உருளைக்கு வந்துசேரும் கோணமும் சரியாக இருக்க வேண்டும். உருளையின் நடு உயரத்துக்கு நேராக, அதன் அச்சுக்குச் செங்குத்தாகக் கயிறு நுழைய வேண்டும். எங்கள் படகில் கயிற்றைத் திருப்பிவிடும் வளையத்தின் ஒரு திருகு கழன்று, வளையம் இரண்டு விரற்கடை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் கயிறு எப்போதும் உருளையின் கீழ்விளிம்பிலேயே குவிந்தது. பதினைந்து ரூபாய்த் திருகு ஒன்று மாற்றியதில் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

இனி அடிக்குழி. பாய்மரம் சுழலும் படகில், கயிறு எவ்வளவு நன்றாக இருந்தாலும் குழியில் உராய்வு மிகுந்தால் பாய் சுருளாது. சுருளாதபோது ஆள் பலம்போட்டு இழுப்பான், கயிறு புதையும். இரண்டு கோளாறும் ஒன்றையொன்று வளர்ப்பவை. நம் பொழிக்கரை மணல் நுண்ணியது. பாய்மரத்தை மணலில் படுக்கவைத்து அப்படியே தூக்கிக் குழியில் இறக்கினால், அடியில் ஒட்டிய மணல் அரத்தைப்போலக் குழியை அராவும். உப்புநீர் காய்ந்து படிந்த உப்பும் சேர்ந்துகொள்ளும். இதற்கு கிரீஸ் தடவுவதே பலரும் செய்வது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். கிரீஸ் மணலைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, ஒரு வாரத்தில் கறுப்புக் குழம்பாகிவிடுகிறது. நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, உலர்ந்த சிலிகான் அல்லது டெஃப்லான் தெளிப்பு அடித்தால் போதும். கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் ஒன்றும் தடவாமல் விடுவதே மேல்.

குழிக்குள் பாய்மரத்தைச் சுற்றிப் பிடித்துச் சுழலவிடும் வளையமான புஷ் தேய்ந்து, பாய்மரம் அரை விரல் அளவுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஆடும் பாய்மரம் ஒவ்வோர் அலைக்கும் குழியைச் சுத்தியலால் அடிப்பதுபோல அடிக்கும். இறக்குமதி உதிரிபாகத்துக்குச் சொன்ன விலையும் காத்திருக்கச் சொன்ன காலமும் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. களியக்காவிளையில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் சொல்லி, நைலான் தண்டில் புதிய புஷ் ஒன்று கடைந்தேன். பட்டறையில் பாய்மரம் வெண்ணெயாகச் சுழன்றது. ஒரு வாரம் தண்ணீரில் கிடந்தபின் கையால் திருகினாலும் அசையவில்லை. நைலான் தண்ணீரை உறிஞ்சி ஊதும் என்பதை நான் வகுப்பில் கற்பித்திருக்கிறேன்; இருந்தும் இடைவெளி விடாமல் கடைந்தது என் பிழை. இரண்டாம் முறை தண்ணீர் உறிஞ்சாத பிளாஸ்டிக் தேடியபோது, இறைச்சிக்கடையில் வெட்டுவதற்கு வைத்திருக்கும் தடித்த வெள்ளைப் பலகை நினைவுக்கு வந்தது. அது உயர் அடர்த்தி பாலிஎத்திலீன். பாத்திரக்கடையில் இருபது மில்லிமீட்டர் கனத்தில் புதிய பலகை ஒன்று வாங்கி, வட்டமாக அறுத்து, நடுவே துளைத்து, பாய்மரத்துக்கும் புஷ்ஷுக்கும் இடையில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கடைந்தோம். இரண்டு கச்சான் காலம் கடந்துவிட்டது. இன்னும் ஒரு விரலால் தள்ளினால் பாய்மரம் சுழல்கிறது.

விரிசலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. படகின் உடலும் அதே பாலிஎத்திலீன் இனம்தான். அதன்மேல் சாதாரணப் பசை எதுவும் நிலையாக ஒட்டாது. எபாக்சி பசை பூசினால் அன்றைக்குக் கல்லாகத் தெரியும், முதல் காற்றில் ஓடுபோலக் கழன்று கையோடு வரும். ஃபைபர் துணி ஒட்டினாலும் அதே கதி. இதைச் சூடாக்கி, அதே பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்ப்பதே நம்பத்தக்க வழி. வீட்டு மாடிகளில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளும் இதே பொருளில், இதே போலச் சூளைக்குள் அச்சைச் சுழற்றிச் செய்பவைதான். ஆகவே தொட்டி விரிசலை ஒட்டித்தரும் தொழிலாளி இந்தப் படகையும் ஒட்டித்தர முடியும். மார்த்தாண்டத்திலிருந்து அப்படி ஒருவரை அழைத்துவந்தேன். விரிசலின் இரு நுனியிலும் மூன்று மில்லிமீட்டர் துளை போட்டுக்கொள்ளச் சொன்னேன், விரிசல் அதற்குமேல் ஓடாமலிருப்பதற்காக. பிறகு ஓரங்களைச் சுரண்டி, உப்பையும் எண்ணெயையும் துடைத்து, படகின் உபயோகமற்ற மூடி ஒன்றிலிருந்து சீவிய பட்டையைச் சூட்டுக்காற்றில் உருக்கி நிரப்பினார். தொட்டியைவிட இது கனம் அதிகம், பொறுமையாகச் சுட வேண்டும் என்று அவர் சொன்னது சரியாகவே இருந்தது. வெளிப்புறம் உருகி உட்புறம் குளிர்ந்திருந்தால் அந்த ஒட்டு வெறும் மேல்தோல்தான்.

பாய்மரத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு துண்டாகப் பிரியும் பாய்மரங்களில் இணைப்புக்குள் மணல் புகுந்து இறுகிக்கொள்ளும். சுத்தியல் தொடாமல், வெந்நீர் ஊற்றி இருவர் எதிரெதிராகத் திருகினால் கழன்றுவிடும். அலுமினியக் குழாயில் எவர்சில்வர் ரிவெட் அடித்திருந்தால், உப்புநீரில் ரிவெட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். வெள்ளைப் பொடி தெரிந்தால் அந்த இடம் வெளியே தெரிவதைவிட உள்ளே மோசமாக இருக்கிறது என்று பொருள். எல்லாவற்றையும்விட முக்கியம் உச்சியில் உள்ள மூடி. பாய்மரம் உள்ளீடற்ற குழாயாக, தண்ணீர் புகாமல் அடைத்திருக்கும். படகு ஒருவேளை சாய்ந்துவிட்டால் அதுவே மிதவையாகத் தண்ணீரின்மேல் கிடந்து, படகு தலைகீழாகப் போகாமல் தடுக்கும். மூடி தொலைந்துபோயிருந்தால் ஏறத்தாழ ஒன்பது லிட்டர் தண்ணீர் உள்ளே ஏறி, மிதக்க வேண்டிய பாய்மரம் படகைக் கீழே இழுக்கும் பாரமாகிவிடும். நான் எல்லையின் இருபுறமும் பார்த்த ஒன்பது படகுகளில் நான்கில் அந்த மூடி இல்லை. ஒன்றில் துணியை அடைத்திருந்தார்கள்.

பாய்மரம் போனவர்கள் சிலர் மூங்கிலை நட்டுப் பாயைக் கட்டுகிறார்கள். மூங்கிலின் வலுவில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கணுவுக்குக் கணு பருமன் மாறும், முழு நேராகவும் இராது. குழிக்குள் அது சுழலாது, சுழன்றாலும் பாய் சுருக்கமின்றிச் சுருளாது. மூங்கில் நடுபவர்கள் நம் முன்னோர் செய்ததுபோலப் பருமலும் ஆஞ்சானும் வைத்து, பாயை இறக்கும் வகையில் கட்ட வேண்டும். சுருட்டும் பாயைச் சுழலாத மரத்தில் நிரந்தரமாகக் கட்டிவைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. அப்படிக் கட்டிய பாயைத் தண்ணீரில் இருக்கும்போது குறைக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். தடை வேண்டும் என்ற வாசகருக்கு: பொழிக்கு உள்ளேயும், நெய்யாற்றின் காயலிலும், தூர்ந்துபோகாமல் மிஞ்சியிருக்கும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய்ப் பகுதிகளிலும் மண்ணெண்ணெய்ப் புகையின்றி ஓடக்கூடிய படகு இது. பாயைக் கையாளும் அறிவு எங்கள் கரையில் மறைவதற்கு முன் அடுத்த தலைமுறைக்குப் போய்ச்சேர எனக்குத் தெரிந்த ஒரே வழியும் இதுதான். என் மருமகன் கச்சான் என்றும் வாடை என்றும் சொல்லக் கற்றது இந்தப் படகில் உட்கார்ந்த பிறகே. உயிர்காப்புச் சட்டை போதும் என்ற வாசகருக்கு: சட்டை கட்டாயம் வேண்டும், அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் சட்டை உதவுவது ஆள் தண்ணீரில் விழுந்த பிறகு.

படகை வாடகைக்கு விடுபவர்கள் ஒவ்வொரு நாளும் முதல் படகைத் தண்ணீரில் தள்ளுவதற்கு முன், மணலிலேயே பாயை முழுவதும் விரித்து, முழுவதும் சுருட்டி, இதை மூன்று முறை செய்து பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. மூன்று முறையில் ஒருமுறை தயங்கினாலும் அந்தப் படகு அன்று பாயில்லாமல், துடுப்போடு மட்டும் போகட்டும். எடுத்துச் செல்பவர், உட்கார்ந்த நிலையில் தன் கையாலேயே நான்கு சுற்று சுருட்டிக் காட்டிய பின்பே படகு அவரிடம் தரப்பட வேண்டும். கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகமும் திருவனந்தபுரம் மாவட்ட நிர்வாகமும் தத்தம் பக்கத்தில் இதை ஒரு நிபந்தனையாக விதிக்கலாம். கேரளப் பக்கத்துப் பூவாற்றில் எடுத்த படகு காற்றில் நம் பக்கத்து நீரோடிக்கு வந்து ஒதுங்குவதற்கு எல்லைக்கல் தடையில்லை. ஆகவே ஒரு பக்கம் மட்டும் விதி இருந்து பயனில்லை. இந்தப் படகுகளோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கு அதுவும் கிடைப்பதில்லை. சுருட்டுக்கயிறு, அடிக்குழி, உச்சிமூடி ஆகிய மூன்றையும் பற்றித் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, படகுத்துறையில் ஒட்டினால் போதும். அந்தப் பக்கத்தை எழுதித்தர நான் தயாராக இருக்கிறேன். தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளாஸ்டிக் சூட்டு ஒட்டும் வேலையை இரண்டு நாள் பயிற்சியாகவேனும் கற்றுக்கொடுத்தால், தொட்டி ஒட்டும் தொழிலாளர்களுக்கும் கூடுதல் வருமானம் கிடைக்கும்.

கடைசியாக, செய்தியில் வந்த அந்தப் படகைப் பற்றி ஒரு வேண்டுகோள். அது இப்போது எங்கே கிடக்கிறதோ, அதை வைத்திருப்பவர்கள் பாய்மர உருளையில் உள்ள கயிற்றைத் தயவுசெய்து அவிழ்த்துவிட வேண்டாம். கழுத்து வளையத்தில் விரிசல் எந்தப் பக்கமாக ஓடியிருக்கிறது, குழியில் மணல் இருக்கிறதா, உருளையில் எத்தனை சுற்று மீதமிருக்கிறது, அவற்றில் எது எதன் அடியில் புதைந்திருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்தால், காற்று ஏறியபோது அந்த இளைஞர்கள் பாயைச் சுருட்ட முயன்றார்களா, முயன்றும் முடியாமல் போயிற்றா என்பது தெரிந்துவிடும். தங்கள் செய்தியாளர் வழி சொன்னால், நானும் லேத் பட்டறை மாணவரும் எந்த நாளிலும் வந்து பார்க்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர் ஒருவர்,
கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்.